5.5-இலிருந்து 4.5-க்கு: மடக்கு ரக ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் பேரல் மாற்றம்

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் கேலிபர் (குழல் துளையின் விட்டம்) மாற்றுவது என்றால் பேரலைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பகுதி சின்ன வேலை. பெரிய வேலை சிலிண்டருக்குள் இருக்கிறது. 5.5 மிமீ பெல்லட்டுக்கு (ஈயக் குண்டு) ஏற்றபடி அமைந்த ஸ்பிரிங்கும் பிஸ்டனும் 4.5 மிமீ துளைக்குப் பின்னால் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதைக் கவனிக்காமல் விட்டால் துப்பாக்கி இரண்டு முறை உதறும், திருகுகள் தளரும், ஸ்கோப் மவுண்ட் நகரும், ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

இங்கே சொல்வதெல்லாம் பேரலை மடக்கி லோடு செய்யும் ரகத்துக்கு. கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவுகள்: சிலிண்டர் உள்விட்டம் 25 மிமீ, பிஸ்டன் ஓட்டம் 85 மிமீ, ஸ்பிரிங் கம்பி 3.1 மிமீ. உங்கள் துப்பாக்கியின் அளவு வேறாக இருக்கலாம். வெர்னியர் வைத்து அளந்து அந்த எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

4.5-க்கு மாறுவதில் கிடைக்கும் முதல் லாபம் பாதை தட்டையாவது. 15 ஜூல் ஆற்றலில் 0.547 கிராம் 4.5 பெல்லட் சுமார் 234 மீ/வி வேகத்தில் கிளம்பும். அதே 15 ஜூலில் 0.930 கிராம் 5.5 பெல்லட்டுக்கு 180 மீ/வி-தான். வழியில் குறையும் வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், 30 மீட்டர் போய்ச் சேர்வதற்குள் முதலாவது துளையின் நேர்கோட்டிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. இறங்கும், இரண்டாவது 15 செ.மீ.க்கு மேல் இறங்கும். தூரத்தைக் கண்ணால் கணிப்பதில் இரண்டு மூன்று மீட்டர் பிசகினாலும் 4.5 மன்னித்துவிடும், 5.5 மன்னிக்காது. இலக்குப் பயிற்சிக்கு மாற்றுபவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் மாற்றுகிறார்கள்.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். ஜெர்மனியில் உரிமம் இல்லாமல் வைத்திருக்க 7.5 ஜூல்தான் எல்லை. இங்கிலாந்தில் 12 அடி-பவுண்டு, அதாவது 16.27 ஜூல். இந்தியாவில் 20 ஜூல், 4.5 மிமீ என்று ஆற்றலுக்கும் விட்டத்துக்கும் தனித்தனி எல்லை உண்டு. சில நாடுகளில் பேரல் மாற்றமே உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர் மட்டும் செய்யக்கூடிய வேலை. மாற்றிய பிறகு வரும் ஆற்றலைக் க்ரோனோகிராஃபில் (பெல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளக்காமல் எல்லைக்குள் இருக்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே க்ரோனோகிராஃபும் இந்த வேலைக்கான கருவிகளில் ஒன்று.

உள்ளே என்ன மாறுகிறது?

5.5 மிமீ துளையின் பரப்பு 23.8 சதுர மிமீ, 4.5-க்கு 15.9. மூன்றில் இரண்டு பங்குதான். பிஸ்டன் முன்னே பாயும்போது காற்று அழுத்தம் ஏறி, பெல்லட்டைப் பிடித்துத் தள்ளுகிறது. பரப்பு குறைந்தால் அதே அழுத்தத்துக்கு உந்துவிசையும் குறையும். சிலிண்டரிலிருந்து காற்று வெளியேறுவதும் தாமதப்படும். வெளியேறாத காற்று பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாகத் திரண்டு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பின்னே போன பிஸ்டன் ஸ்பிரிங்கின் மிச்ச விசையில் மறுபடி முன்னே வந்து உட்காருகிறது. தோளில் இரட்டை உதறலாக உணர்வது இதைத்தான். 5.5-இல் இந்தப் பின்துள்ளல் குறைவு. அதனால் ஒரே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு பேரலை மட்டும் மாற்றினால் 4.5-இல் ஆற்றல் கொஞ்சம் குறைந்தும் உதறல் கூடியும் வரும். ஆற்றல் குறைந்துவிட்டதே என்று இன்னும் வலுவான ஸ்பிரிங்கைப் போடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. கூடுதல் விசை பெரும்பாலும் பின்துள்ளலுக்கே போகும், பெல்லட்டுக்கு வராது. செய்ய வேண்டியது நேர்மாறானது: ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, அதாவது இழுக்காமலே அது உள்ளே அழுங்கிக் கிடக்கும் அளவை, குறைக்க வேண்டும்.

வேண்டிய பொருட்கள்

அதே மாடலுக்கான 4.5 மிமீ பேரல், ப்ரீச் பிளாக்கோடு (பெல்லட் போடும் பின்முனையைத் தாங்கும் இரும்புக் கட்டி) சேர்ந்ததாக. பேரல் மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்க வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் பேரல் பிளாக்குக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். வீட்டு வைஸில் அதைத் தள்ளி எடுக்கப் பார்த்தால் பிளாக் விரியும், பேரல் வளையும். 5.5 பேரலுக்குள் குழாய் செருகி 4.5 ஆக்குவதும் வீட்டில் நடக்காது, இருக்கும் சுவர்த் தடிமன் அதற்குப் போதாது.

அதோடு புது ப்ரீச் சீல் இரண்டு, புது பிஸ்டன் சீல் ஒன்று, பிவட்டுக்கு (பேரல் மடங்கும் மூட்டு) 0.05 மற்றும் 0.10 மிமீ ஷிம் வாஷர்கள், மாலிப்டினம் டைசல்ஃபைடு (மாலி) பேஸ்ட், 400 மற்றும் 600 எண் உப்புத்தாள், ஸ்பிரிங் கம்ப்ரஸர், பித்தளைப் பஞ்ச், சரியான அகலமுள்ள ஸ்க்ரூட்ரைவர். சில மாடல்களில் ப்ரீச் சீலின் உள்விட்டம் கேலிபருக்கு ஏற்ப மாறும். 5.5-க்கான சீலை 4.5-இல் போட்டால் துளையைச் சுற்றி வீண் பள்ளம் விடும். காற்றுக்கு அது வெட்டி இடம். சீல் வாங்கும்போதே எந்தக் கேலிபருக்கு என்று சொல்லி வாங்குங்கள்.

புது பேரலை மாட்டுவதற்கு முன்

பொருத்திய பிறகு குறையைக் கண்டுபிடித்தால் மொத்தத்தையும் மறுபடி பிரிக்க வேண்டும். ஆகவே மேசையிலேயே பார்த்துவிடுவது நல்லது. பேரலுக்குள் பாதுகாப்பு எண்ணெய் பூசி வந்திருக்கும். துணித்துண்டு காய்ந்தபடி வெளியே வரும்வரை ப்ரீச் பக்கத்திலிருந்தே தள்ளித் துடையுங்கள். உள்ளே எண்ணெய் தங்கினால் முதல் சில ஷாட்களில் அது வெடித்து எரியும், அப்போது வரும் வேக அளவு எதற்கும் உதவாது.

பிறகு ஒரு பெல்லட்டைக் கட்டைவிரலால் ப்ரீச்சில் அழுத்திப் பாருங்கள். விளிம்போடு சமமாக உட்கார வேண்டும், பின்பக்கம் விரிந்த பாவாடைப் பகுதியில் ஈயம் சீவப்படக் கூடாது. சீவினால் ப்ரீச் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று பொருள். அந்த விளிம்பை உருண்டைத் தலை கொண்ட பித்தளைத் திருகில் கொஞ்சம் லேப்பிங் பேஸ்ட் தடவி, கையால் நாலைந்து சுற்று சுற்றினால் போதும். டிரில்லில் மாட்டி ஓட்ட வேண்டாம், ஒரு நொடியில் அளவுக்கு மேல் தின்றுவிடும்.

உட்கார்ந்த பெல்லட்டை முனை தட்டையான கம்பியால், துளையின் சுவரில் உரசாமல், முன்வாய்வரை மெதுவாகத் தள்ளுங்கள். இந்த ஒரு சோதனை பேரலைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். வழி முழுக்க ஒரே சீரான இறுக்கம் இருக்க வேண்டும். நடுவில் திடீரென்று லேசாகிப்போனால் அங்கே துளை அகலமாக இருக்கிறது. பிளாக் அழுத்தப்பட்ட இடத்திலோ முன்காட்சிக்கான பள்ளம் வெட்டிய இடத்திலோ இறுக்கம் கூடுவது உண்டு. கடைசி இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இறுக்கம் கூடினால் அது குறை அல்ல, வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒடுக்கம் (சோக்). நல்ல பேரலின் அடையாளம் அது. வெளியே வந்த பெல்லட்டை லென்ஸில் பாருங்கள். தலையிலும் பாவாடையிலும் புரித் தடங்கள் சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருக்க வேண்டும். பாவாடையில் மட்டும் தடம் இருந்து தலை வழுவழுவென்று வந்தால் அந்தப் பெல்லட்டின் தலை இந்தத் துளைக்குச் சிறியது. 4.50, 4.51, 4.52, 4.53 என்று தலை அளவு குறித்த பெட்டிகள் கிடைக்கின்றன, அடுத்த அளவை எடுத்துப் பாருங்கள்.

முன்வாய்க்குப் பஞ்சுக்குச்சி சோதனை. உள்ளிருந்து வெளியே இழுத்தபடி விளிம்பைச் சுற்றி வாருங்கள். எங்காவது பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது.

பிரித்தல்

பேரலை மடக்கி உள்ளே பெல்லட் இல்லை என்பதையும், ஸ்பிரிங் இழுத்து வைக்கப்படவில்லை என்பதையும் உறுதி செய்யுங்கள். ஸ்டாக்கின் முன் பக்கத் திருகுகள், டிரிகர் கார்டின் திருகு, இவற்றைக் கழற்றினால் இரும்புப் பகுதி தனியே வந்துவிடும். ஸ்கோப்பையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

இந்த வேலையில் ஆபத்தான இடம் அடுத்து வருவது. உதாரணத் துப்பாக்கியின் ஸ்பிரிங் 240 மிமீ நீளம். பிஸ்டன் முன்னே இருக்கும்போது உள்ளே அதற்குக் கிடைக்கும் இடம் 188 மிமீ. ஆக 52 மிமீ ஏற்கெனவே அழுங்கிக் கிடக்கிறது. 3.1 மிமீ கம்பி, 17 மிமீ சராசரி விட்டம், சுமார் 31 சுற்று என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 6.3 நியூட்டன். அப்படியானால் துப்பாக்கி சும்மா கிடக்கும்போதே 33 கிலோ எடை அளவு விசை பின்மூடியைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. மார்பில் சாய்த்துக்கொண்டு மூடியைப் பூட்டியிருக்கும் பின்னைக் கையால் தட்டி எடுப்பது மூக்கையும் பல்லையும் பணயம் வைப்பது. கம்ப்ரஸர் கட்டாயம். குறைந்தது 70 மிமீ தளர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஸ்பிரிங் முழுதாக ஓய்ந்த பிறகும் திருகுக்கு மிச்சம் இருக்கும். மூடி அழுந்தி, பின்னின் மேல் சுமை போன பிறகு பின் தானாக விரலில் ஆடும். ஆடாத பின்னைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். கம்ப்ரஸரை இன்னும் கால் சுற்று முறுக்கிப் பாருங்கள். மூடி திருகுபுரி ரகமாக இருந்தால் கடைசிப் புரி விடுபடும் முன்பே கம்ப்ரஸர் சுமையைத் தாங்கியிருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கும் அதன் உள்ளே நிற்கும் கைடும் வெளியே வந்ததும், பிவட் போல்ட்டின் பூட்டுத் திருகைத் தளர்த்தி, போல்ட்டைக் கழற்றுங்கள். இரு பக்க வாஷர்களும் பெரும்பாலும் ஒரே தடிமனில் இருக்காது. எது இடம், எது வலம் என்று தனித்தனி உறையில் போட்டுக் குறித்து வையுங்கள். பேரலை மடக்கும்போது பிஸ்டனை இழுக்கும் காக்கிங் லிவரைப் பிஸ்டன் பள்ளத்திலிருந்து விடுவித்தால் பேரல் கையோடு வந்துவிடும். பழைய பிளாக்கிலிருந்து, பேரலை மூடிய நிலையில் பூட்டி வைக்கும் லாக் ஆப்பை எடுக்கும்போது அதன் பின்னால் இருக்கும் சின்ன ஸ்பிரிங் பறக்கும். துணியால் மூடிக்கொண்டு பின்னைத் தள்ளுங்கள்.

பேரல் பொருத்தம்

புது பிளாக்கைப் பழைய வாஷர்களோடு வைத்து, சீல் இல்லாமல், லாக் ஆப்பு இல்லாமல் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். முகம் முழுதாகச் சிலிண்டர் முகத்தைத் தொட வேண்டும். பிறகு பிவட் போல்ட்டை முறுக்கி, பேரலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் 0.05 ஷிம் ஒன்று சேருங்கள். எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதை டிரான்ஸ்ஃபர் போர்ட் முடிவு செய்யும். சிலிண்டரின் முன்சுவரில் 3 முதல் 4 மிமீ விட்டத்தில் இருக்கும் காற்றுத் துளை அது. 5.5 துளைக்கு முன்னால் 4 மிமீ போர்ட் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் துளைக்குள்ளேயே அடங்கிவிடும். 4.5-க்கு அந்த வசதி இல்லை. கால் மில்லிமீட்டர் தாண்டினால் போர்ட்டின் ஒரு ஓரம் ப்ரீச் முகத்தில் முட்டி, காற்று பெல்லட்டின் பாவாடைக்குள் சாய்வாகப் பாயும்.

பார்க்கும் வழி: ப்ரீச் முகத்தில் மெல்லிய ஈரக் களிமண்ணோ மெழுகோ தடவிப் பேரலைப் பூட்டித் திறங்கள். போர்ட்டின் வட்டம் பதியும். பேரல் துளையின் வட்டத்துக்குள் அது நடுவாக இருக்கிறதா என்று பார்த்து, வாஷரை இடம் மாற்றிச் சரிசெய்யுங்கள். மேல்-கீழ் விலகலை வாஷரால் தீர்க்க முடியாது, அது பிளாக்கின் வார்ப்பிலேயே உள்ளது. அப்படி விலகிய பிளாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. போர்ட்டைத் தோண்டி அகலமாக்கிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். தோண்டியதை மூட முடியாது, அகலமான போர்ட் பிஸ்டனின் காற்று மெத்தையை மெலியச் செய்யும்.

போல்ட்டின் இறுக்கத்துக்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. எல்லாம் பொருத்தி முடித்து ஸ்பிரிங்கை இழுத்து வைத்த நிலையில், பேரலை எந்தக் கோணத்தில் விடுகிறோமோ அங்கேயே நிற்க வேண்டும். தன் எடையில் விழுந்தால் தளர்வு, கையால் நகர்த்தும்போது முரண்டு பிடித்தால் இறுக்கம். வாஷர்களில் மாலி பேஸ்ட் தடவியிருந்தால் இந்த இறுக்கம் நீண்ட நாள் நிற்கும்.

ப்ரீச் சீல் முகத்திலிருந்து 0.1 முதல் 0.25 மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். வெர்னியரின் ஆழக் கம்பியால் அளக்கலாம். குறைவாக இருந்தால் சீலுக்கு அடியில் மெல்லிய அட்டை வளையம் வெட்டி வையுங்கள். அதிகமாக இருந்தால் பேரல் முழுதாகப் பூட்டாது, லாக் ஆப்பு பாதி வழியில் நிற்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் பேரல் வேறு வேறு உயரத்தில் நிற்கும். வெகு பேர் இதைக் கசிவு பயத்தில் செய்துவிட்டு, இலக்கில் பெல்லட்டுகள் பதியும் குழுமம் மேலும் கீழுமாக நீளுவதற்குப் பெல்லட்டைக் குறை சொல்கிறார்கள்.

ஸ்பிரிங் கணக்கு

ஸ்பிரிங்கை முழுதாக இழுத்த நிலையில் அதற்குக் கிடைக்கும் இடம் 188-இலிருந்து 85 கழித்து 103 மிமீ. 31 சுற்று, 3.1 மிமீ கம்பி என்றால் சுற்றோடு சுற்று ஒட்டிய நீளம் 96.1. கிட்டத்தட்ட 7 மிமீ மிச்சம். இது 5 மிமீக்குக் கீழே போகக் கூடாது. 33 சுற்று ஸ்பிரிங்கை வாங்கினால் 102.3 ஆகிவிடும். சியர் (இழுத்த பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) பிடிப்பதற்குள் ஸ்பிரிங் கட்டையாகி நிற்கும், அதற்கு மேல் பேரலை இழுத்தால் காக்கிங் லிவர் வளையும்.

முன்னழுத்தம் 52. இதை 40-க்குக் கொண்டுவர வேண்டும். முதலில் பிஸ்டனுக்குள்ளோ கைடின் அடியிலோ தடிமன் வாஷர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை எடுப்பதோடு வேலை முடிந்தது, ஆனால் வழுக்கு வாஷரையும் சேர்த்து எடுத்துவிடாதீர்கள். ஸ்பிரிங் அழுங்கும்போது முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு டிரிகர் பக்கம் போகாமல் வழுக்கிவிடுவது அந்த மெல்லிய பளபளப்பான வாஷர்தான்.

எடுக்க வாஷர் இல்லையென்றால் ஸ்பிரிங்கை வெட்ட வேண்டும். 240 மிமீயில் 31 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 7.7 மிமீ. ஒன்றரைச் சுற்று வெட்டினால் 11.6 மிமீ குறைந்து முன்னழுத்தம் 40-க்கு வந்துவிடும். வெட்டிய ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாகும் என்பதை மறக்கக் கூடாது. சுற்று குறைந்தால் விறைப்பு அதே விகிதத்தில் ஏறும், இங்கே சுமார் 5 சதவீதம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்பிரிங்கில் சேமிக்கும் ஆற்றல் 50 ஜூலிலிருந்து 46-க்கு இறங்கும். கணக்கில் சின்ன இறக்கம்தான், ஆனால் பிஸ்டன் கடைசியில் உட்காரும் விதத்தில் அது தெளிவாகத் தெரியும்.

வெட்டுவது சாணைச் சக்கரத்தால், ஹேக்ஸா இந்தக் கம்பியில் ஏறாது. வெட்டிய முனையின் கடைசிச் சுற்றை மட்டும் சிவக்கக் காய்ச்சி, இரும்புத் தகட்டில் செங்குத்தாக அழுத்தினால் அது அடுத்த சுற்றோடு படிந்துவிடும். மற்ற சுற்றுகளை ஈரத்துணியால் சுற்றி வையுங்கள், சூடு அங்கே ஏறினால் அந்த இடம் மெத்தென்றாகிச் சீக்கிரம் அமுங்கிவிடும். ஆறியபின் முனையைச் சமமாகச் சாணை பிடித்து, உள்விளிம்பின் பிசிறை அரத்தால் எடுங்கள். அந்த முனையைக் கைடு பக்கம் வைக்காமல் பிஸ்டன் பக்கம் வையுங்கள்.

கைடு ஸ்பிரிங்குக்குள் கையால் அழுத்தி நுழைக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கின் உள்விட்டம் 14.0 என்றால் பிளாஸ்டிக் கைடு 14.0 முதல் 14.05. ஸ்பிரிங் அழுங்கும்போது உள்விட்டம் சற்று விரியும் என்பதால் சிக்கிக்கொள்ளாது. சுட்டதும் கேட்கும் ‘டொய்ங்’ ஓசைக்குப் பெரும்பாலும் தளர்ந்த கைடுதான் காரணம். கிரீஸை அள்ளி அப்பி அந்த ஓசையை அடக்கலாம், ஆனால் அந்தக் கிரீஸ் நாளடைவில் முன்னே நகர்ந்து சீலைத் தாண்டும். பிஸ்டனுக்குள் ஸ்பிரிங்கின் முன்முனை உட்காரும் டாப் ஹேட் இரும்பாக இருந்தால் 4.5-க்குப் பிளாஸ்டிக் ஒன்றாக மாற்றிவிடுங்கள், நகரும் எடை குறையும்.

பிஸ்டன் சீல்

பழைய சீலின் முகத்தைப் பார்த்தால் துப்பாக்கி எப்படி ஓடியது என்று தெரியும். நடுவில் போர்ட்டின் வட்டம் ஆழமாகப் பதிந்திருந்தால் பிஸ்டன் சுவரில் அறைந்திருக்கிறது. ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தால் எண்ணெய் எரிந்திருக்கிறது. ஓரத்தில் ஒரே இடத்தில் நறுக்குப் பட்டிருந்தால் காக்கிங் லிவர் ஓடும் சிலிண்டரின் நீளப் பள்ளம் வெட்டியிருக்கிறது.

அந்தப் பள்ளத்தின் விளிம்புதான் புது சீலுக்கும் எமன். பொருத்தும் முன் பள்ளத்தின் உள்விளிம்பு முழுவதையும் 600 உப்புத்தாளால் மழுக்குங்கள். விரல் நுனியை ஓட்டினால் எங்கும் உறைக்கக் கூடாது. சிலிண்டரின் உட்புறத்தை 400 தாளால் குறுக்குக் கோடாக லேசாகத் தேய்த்து, தூள் ஒரு துளிகூட மிஞ்சாமல் துடைத்துவிடுங்கள். பிஸ்டனை நுழைக்கும்போது மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிப் பள்ளத்தை மூடி, சீல் அதைத் தாண்டியபின் தாளை உருவி எடுத்துவிடலாம்.

சீல், கட்டைவிரல்களால் உறுதியாக அழுத்தினால் சீராக நகரும் அளவுக்கு இருக்க வேண்டும். உள்ளங்கையால் குத்தினால்தான் நகரும் என்றால் அது பெரிது. பிஸ்டனில் மாட்டியபடியே சுழற்றி, 400 தாளால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அவசரப்பட்டால் ஒரே நொடியில் அளவு தவறிவிடும். தடவுவது மிகக் குறைவாக: பிஸ்டனின் பின் பட்டையிலும் பக்கவாட்டிலும் மாலி பேஸ்ட் ஒரு மெல்லிய படலம், சீலின் ஓரத்தில் விரல் பட்ட அளவு. சீலின் முகத்தில் எதுவும் வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் சீலுக்கு முன்னால் போகவே கூடாது. அழுத்தத்தில் காற்று கடுமையாகச் சூடேறும்போது அது டீசல் எஞ்சினில் எரிவதுபோல் எரியும். சிலிக்கான் எண்ணெயை இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் விடாதீர்கள், அங்கே அது மசகாக வேலை செய்யாது.

சுட்டுப் பார்த்தல்

லோடு செய்யும்போதெல்லாம் ஒரு கை பேரலைப் பிடித்தே இருக்க வேண்டும். சியர் நழுவினால் பேரல் சுழன்று மேலே அறையும். விரலும் போகும், பேரலும் வளையும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவும் கூடாது. பெல்லட் இல்லையென்றால் மெத்தையும் இல்லை, பிஸ்டன் நேராகச் சுவரில் மோதும்.

முதல் சில டஜன் ஷாட்களில் லேசான புகையும் வாசனையும் வரலாம், அந்த வேகத்தைக் குறித்து வைத்துப் பயனில்லை. சுமார் 200 ஷாட்டுக்குப் பிறகு ஸ்பிரிங் தன் நீளத்துக்கு அமர்ந்து, சீலும் படிந்திருக்கும். அப்போது பத்துப் பத்தாகச் சுட்டு அளங்கள். ஜூல் கணக்கு: கிராமை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 2000-ஆல் வகுக்க வேண்டும். 0.547 கிராம் 232 மீ/வி என்றால் 14.7 ஜூல். 0.475 கிராமிலும் 0.670 கிராமிலும் அளந்து பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் கனமான பெல்லட்டுக்கு ஆற்றல் கொஞ்சம் குறைவது இயல்பு. லேசான பெல்லட்டிலேயே ஆற்றல் தலைகீழாகச் சரிந்தால் காற்று எங்கோ போகிறது.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க, ப்ரீச் மூட்டின் மேல் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டி ஒரு ஷாட். தாள் துள்ளினால் ப்ரீச் சீல். தாள் அசையாமல், வேகமும் குறைந்து, ஷாட் முரட்டுத்தனமாக அறைந்தால் பிஸ்டன் சீல் நறுக்குப் பட்டிருக்கிறது. வேகம் சரியாக இருந்தும் இரட்டை உதறல் தொடர்ந்தால் முன்னழுத்தத்தை இன்னும் ஐந்து மில்லிமீட்டர் குறைக்கலாம், 4 அல்லது 5 மீ/வி இழப்பது அதற்குத் தகும். பத்து ஷாட்டில் உச்சத்துக்கும் அடிக்கும் வித்தியாசம் 4 மீ/வி-க்குள் வந்துவிட்டால் உள்வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் துரத்தினால் பெல்லட்டின் எடை வேறுபாட்டைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

இலக்குத் தாளில் குழுமம் பக்கவாட்டில் நீண்டால் பிவட்டில் ஆட்டம், மேலும் கீழுமாக நீண்டால் லாக் ஆப்பு அல்லது உயரமான ப்ரீச் சீல். இரண்டும் இல்லாமல் சுற்றிலும் சிதறினால் பெல்லட்டின் தலை அளவை மாற்றிப் பாருங்கள். ஸ்கோப்பை ஏற்றும்போது மவுண்டின் பின்னால் ஸ்டாப் வைக்க மறக்க வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி பின்னுக்கும் முன்னுக்கும் இரு திசையிலும் உதைக்கும், சாதாரண ஸ்கோப்புகள் முன்னோக்கிய அந்த உதையைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டவை அல்ல.

ஸ்டாக் திருகுகளை 50 ஷாட்டுக்குப் பிறகு ஒருமுறையும் 200-க்குப் பிறகு ஒருமுறையும் இறுக்கிப் பாருங்கள். கழற்றிய 5.5 பேரலை அதன் வாஷர்கள், சீல், வெட்டாத ஸ்பிரிங் இருந்தால் அதுவும் சேர்த்து, எண்ணெய் பூசிய தாளில் சுற்றி, முன்னழுத்த அளவையும் வேக அளவையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்துவிடுங்கள். துப்பாக்கியில் பழைய கேலிபர் முத்திரை சிலிண்டரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழிக்காமல், புது பிளாக்கில் 4.5 என்பது தெளிவாகத் தெரிகிறதா என்பதை மட்டும் உறுதி செய்யுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவர் தவறான பெட்டியைத் திறந்துவிடக் கூடாது.